ஹீட் மீட்டர் முள் படுத்தே கிடக்கிறதா?

"ஹீட்டே ஏற மாட்டேங்குது அண்ணே, வண்டி ஜில்லுன்னு ஓடுது" என்று பெருமையாகச் சொல்லும் டிரைவர்கள் உண்டு. முள் சிவப்பைத் தொட்டால் பதறி ஓரங்கட்டுகிறவர்கள், அது கீழேயே கிடந்தால் கண்டுகொள்வதில்லை.

லாரி டீசல் இன்ஜினுக்குக் கூலன்ட் சூடு ஏறக்குறைய 80 முதல் 95 டிகிரி வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தால் டீசல் முழுசாக எரியாது. எரியாத டீசல், பிஸ்டன் ஓடும் உருளையான லைனரில் படிந்த ஆயிலைக் கழுவிக்கொண்டு, கீழே ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கும். ஆயில் நீர்த்துப்போகும், ரிங் தேயும், மைலேஜ் விழும். இன்ஜெக்டரையெல்லாம் கழற்றிச் செலவு செய்துவிட்டுக் கடைசியில்தான், சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட் பக்கம் வருகிறார்கள்.

நம் டெல்டாவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. சம்பா அறுவடையில் நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் வரிசையில் நின்று, இன்ஜினை ஐடிலிலேயே விட்டிருந்தால் முள் இறங்கத்தான் செய்யும்; டீசல் இன்ஜின் ஐடிலில் சூடு பிடிக்காது. அது கோளாறு இல்லை. மூட்டை ஏற்றி அரை மணி ஓடியும் முள் எழும்பவில்லை என்றால்தான் பார்க்க வேண்டும். மார்கழிப் பனி மேல் பழி போடாதீர்கள். இமயமலையில் ஓடும் லாரியும் இதே சூட்டில்தான் ஓடுகிறது.

முதல் கேள்வி: இன்ஜின் நிஜமாகவே குளிர்ந்திருக்கிறதா, முள் பொய் சொல்கிறதா? பொய் சொல்லும் முள்தான் ஆபத்து. கூலன்ட் குறைந்து சென்சார் காற்றில் நின்றால், உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் கீழே காட்டும். அதனால் எதையும் கழற்றும் முன், வண்டி நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். அடுத்து சென்சார் பிளக். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ஓடும் வண்டிகளில் பிளக்குக்குள் பச்சை பூத்திருக்கும். பெரும்பாலான சென்சார்களில் ஒயர் தொடர்பு அறுந்தால் முள் குளிர்ச்சிப் பக்கமே போகும். பழைய ஒற்றை ஒயர் வண்டியில் அந்த ஒயரை ஒரு நொடி எர்த்தில் தொட்டால் முள் மேலே பாயும். பாய்ந்தால் மீட்டர் நல்லது. இசிஎம், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் இந்த வித்தையைச் செய்யாதீர்கள், கோளாறு கோட் படிக்கும் ஸ்கேனரைப் போடுங்கள். பி0128 என்று கோட் வந்தால் கூலன்ட் போதிய சூட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

மீட்டரை நம்பாமல் சரிபார்க்க, டெம்பரேச்சர் கன்னால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் அளக்கலாம். பளபளக்கும் அலுமினியத்தில் அது தப்பாகக் காட்டும். கருப்பு டேப் ஒட்டி அதன் மேல் அடியுங்கள்.

இன்ஜின் நிஜமாகவே குளிர்ச்சி என்றால், காலையில் முதல் ஸ்டார்ட்டில் ரேடியேட்டர் மேல் ஹோஸில் கை வைத்துப் பாருங்கள், ஃபேனுக்குத் தள்ளி. நல்ல தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்; இன்ஜின் சூடேறும்வரை ஹோஸ் ஆறியே இருந்து, பிறகு சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து மெல்ல வெதுவெதுப்பானால் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். சந்தேகமென்றால் தண்ணீர்ப் பாத்திரத்தில் அடி தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் அடித்திருக்கும் எண், உதாரணமாக 82, அந்தச் சூட்டை ஒட்டித் திறந்து, ஆறியதும் மூட வேண்டும். சூட்டுக்கேற்ப வேகம் மாறும் விஸ்கஸ் ஃபேன் லாக் ஆகி எப்போதும் இரைந்தாலும் டீசல் வீண்தான். ஆனால் தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் ஃபேன் மட்டும் முள்ளை இவ்வளவு இறக்காது.

சில வண்டிகளில் ஹவுசிங்கைத் திறந்தால் தெர்மோஸ்டாட்டே இருக்காது. எப்போதோ ஹீட் ஏறியதற்கு யாரோ பிடுங்கி எறிந்திருப்பார்கள். நெற்களத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை இது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். சமதளத்தில் குளிரும் அதே வண்டி, லோடோடு மலை ஏறும்போது கொதிக்கும். பிஎஸ்6 வண்டியில் இன்னொரு தலைவலி: இன்ஜின் சூடு போதாவிட்டால், சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அதை எரித்துச் சுத்தமாகும் ரீஜென் நடக்காமல் புகைக்கரி அடைத்துக்கொள்ளும்.

புதுசு மாட்டும்போது காற்று வெளியேறும் சின்ன ஓட்டை மேலே வரட்டும். கூலன்ட் ஊற்றிக் காற்றெடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தும் பாருங்கள். டீசல் வாடை அடித்தாலோ மட்டம் ஏறியிருந்தாலோ கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.