நிறை: ஒரே சொல், இரண்டு அளவுகள்

"60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர்" என்று தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல் எழுதினால் அது சரியான தொடர். அதையே இலங்கையில் உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர் எழுதினால் பிழை. அங்கே நிறை என்பது ஒரு விசை. நியூட்டனில் சொல்ல வேண்டியது. "நிறை 588 நியூட்டன்" என்பது யாழ்ப்பாணத்து மாணவருக்கு இயல்பாகப் படும், மதுரை மாணவருக்குத் தவறாகப் படும். இரு கரைப் பாடநூல்களையும் மாற்றி மாற்றிப் படிக்கும் எவரும் இந்த இடத்தில் தடுக்கி விழாமல் போனதில்லை.

முதலில் இயற்பியல். ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் அடங்கியிருக்கிறது என்பது ஓர் அளவு. அந்தப் பொருளை நகர்த்தவோ நிறுத்தவோ திருப்பவோ போனால் அது எந்த அளவுக்கு இணங்க மறுக்கும் என்பதையும் இதுவே தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் மாஸ். பூமி அந்தப் பொருளைத் தன் பக்கம் இழுக்கும் விசை வேறோர் அளவு. ஆங்கிலத்தில் வெயிட். 60 கிலோகிராம் மனிதரைப் பூமி இழுக்கும் விசை, 60-ஐப் பூமியின் ஈர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்க வரும் 588 நியூட்டன். நிலவில் அது சுமார் 97 நியூட்டனாக இறங்கிவிடும். ஆனால் அவருடைய 60 கிலோகிராமில் ஒரு கிராம்கூடக் குறையாது. உராய்வே இல்லாத தரையில் அவரைப் பக்கவாட்டில் தள்ளி, ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 1 மீட்டர் வீதம் வேகம் கூட்ட வேண்டுமானால், பூமியிலும் நிலவிலும் அதே 60 நியூட்டன் விசைதான் தேவை.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதில்லை. எடைகள், அளவைகளுக்கான மூன்றாம் பொது மாநாடு 1901-இல் பாரிசில் கூடியபோது, கிலோகிராம் மாஸின் அலகு என்றும், வெயிட் என்ற சொல் விசையின் இனத்தைச் சேர்ந்த அளவைக் குறிக்கிறது என்றும் தனியே அறிவிக்க வேண்டியிருந்தது.

நிறை பழைய சொல். நிறு என்ற வினையிலிருந்து வந்தது. இறு என்பதிலிருந்து இறை வந்தது போல. நிறுத்துக் கொடு, நிறைகோல் எல்லாம் இந்தக் குடும்பம். நிறைகுடத்தின் நிறை வேறு, நிறைகாக்கும் காப்பு என்ற குறளின் நிறை வேறு. அவற்றை இதோடு சேர்க்க வேண்டாம். "அளவிற்கும் நிறையிற்கும் மொழிமுதல் ஆகி உள எனப்பட்ட ஒன்பதிற்று எழுத்தே" என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரம் சொல்வது இந்த நிறையைத்தான். முகந்து அளக்கும் அளவுப் பெயர்களும் நிறுத்து அளக்கும் நிறைப் பெயர்களும் எந்தெந்த எழுத்தில் தொடங்கும் என்பதற்கான நூற்பா அது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசன் கொடுத்த பொன், "ஆடவல்லான் என்னும் கல்லால்" நிறுக்கப்பட்டு நிறை குறிக்கப்படுகிறது.

இந்தக் கல்லில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு தட்டுள்ள தராசு விசையை நேராக அளப்பதில்லை. ஒரு தட்டில் பொன், மறு தட்டில் கல். இரண்டையும் பூமி ஒரே வீதத்தில் இழுப்பதால் ஈர்ப்பு கழிந்துபோய் மாஸ் மட்டுமே ஒப்பிடப்படுகிறது. சுருள்வில் தராசு அப்படியில்லை. ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83 என்பதால் ஒரே பொருளுக்கு அது இரண்டு இடத்தில் இரண்டு காட்டும். ஆடவல்லான் கல்லையும் தராசையும் நிலவுக்கே கொண்டுபோனாலும் பொன்னின் நிறை கல்வெட்டில் உள்ளபடியே இருக்கும். ஆகவே மாஸுக்கு நிறை என்று தமிழ்நாடு வைத்ததற்கு வலுவான நியாயம் உண்டு. இலங்கை வழக்குக்கும் நியாயம் இருக்கிறது. பிறந்த குழந்தையின் நிறை என்றே அங்கே பேச்சில் சொல்வார்கள். வெயிட் என்பதற்கு மக்கள் வாயில் இருந்த சொல்லைப் பாடநூல் எடுத்துக்கொண்டது.

வெயிட்டுக்குத் தமிழ்நாடு வைத்த சொல் எடை. அது எடு என்பதிலிருந்து பிறந்தது. தடு தடை ஆனது போல, கொடு கொடை ஆனது போல. தூக்கும்போது கை உணர்வது பூமியின் இழுவிசையைத்தான். ஈர்ப்பு விசைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை ஒருவர் உட்கார்ந்து உருவாக்க முடியாது. எடைக்கல், எடைக்குப் போடுவது என்று கடைத்தெருவில் அன்றாடம் புழங்குவதும் இதுவே.

மாஸுக்கு இலங்கை தந்த சொல் திணிவு. திணி என்றால் செறித்து நிரப்புவது. நியூட்டன் 1687-இல் பிரின்சிப்பியாவைத் தொடங்கும் முதல் வரையறையே பருப்பொருளின் அளவைப் பற்றியது. அடர்த்தியும் பருமனும் சேர்ந்து பிறக்கும் அளவு என்கிறார். எவ்வளவு இடம், அதில் எவ்வளவு செறிவு என்ற அந்த எண்ணத்தை திணிவு அப்படியே ஏந்துகிறது. மாஸ் என்ற சொல்லோ பார்லி மாவைப் பிசைந்து செய்த உருண்டையைக் குறித்த கிரேக்க மாசாவிலிருந்து லத்தீன் வழியே வந்தது. தமிழ்நாட்டு வாசகர் திணிவைக் கேட்டவுடன் அடர்த்தியை நினைக்கக்கூடும் என்பது உண்மை. அடர்த்திக்கு இரு கரையிலும் அடர்த்தி என்ற சொல்லே இருப்பதால் அந்த மயக்கம் நீடிக்காது.

பள்ளித் தேர்வு எழுதுகிறவர் தம் பாடநூலைப் பின்பற்றுவதே முறை. இரு கரைக்கும் சேர்த்து எழுதுகிறவருக்கு என் பரிந்துரை: மாஸுக்குத் திணிவு, வெயிட்டுக்கு எடை. கரைக்கு ஒன்றாக எடுத்த இந்த இரண்டுக்கும் மறுகரைப் பாடநூலில் வேறு பொருள் இல்லை. நிறையை மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது; பழம்பெரும் சொல்லை அப்படி ஒதுக்குவது எனக்கு வருத்தம்தான். வேகம் என்ற சொல்லுக்கும் இதே கதி. தமிழ்நாட்டில் திசை சேராதது வேகம், திசை சேர்ந்தது திசைவேகம். இலங்கையில் திசை சேராதது கதி, திசை சேர்ந்ததே வேகம்.

கூட்டுச் சொற்களிலும் இப்படியே பிரித்து எழுதலாம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு அப்படியே இருக்கிறது. நிலையமும் உள்ளிருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் தாங்கும் தரையின் எதிர்விசை இல்லை, மிதக்கிறார்கள். அதை எடையின்மை என்பது வழக்கம். திணிவின்மை என்று எழுதினால் பெரும்பிழை. அங்கே எந்தத் தராசும் உதவாது என்பதால், விண்வெளி வீரரைத் தெரிந்த விசையால் இழுத்து, அவர் அடையும் முடுக்கத்தை அளந்து, விசையை முடுக்கத்தால் வகுத்து அவருடைய திணிவைக் கணக்கிடுகிறார்கள்.