கொத்தான் வேறு, அம்மையார் கூந்தல் வேறு

மட்டக்களப்புக் கடற்கரை மணலில் அடம்பன் கொடியை மூடி, சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி ஒன்று கிடக்கும். அது கொத்தான். ஊருக்குள் வேலிச் செடிகளிலும் மிளகாய்க் கன்றுகளிலும் மஞ்சளாகப் படர்வது அம்மையார் கூந்தல். இரண்டும் வேறு செடியை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிக் கொடிகள் என்பதால், இரண்டையும் புல்லுருவி என்றே சொல்லிவிடுகிறார்கள். புல்லுருவி கொடியே அல்ல. மரக்கிளையில் பச்சை இலையோடு புதராக நிற்கும்.

குழப்பம் நம்மோடு தொடங்கியதும் அல்ல. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அம்மையார் கூந்தலின் பேரினத்துக்குக் கஸ்கியூட்டா என்று பெயரிட்டார். அது 'குஷூத்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. கொத்தானுக்கு வைத்த கசைதாவோ, கிரேக்கர் அம்மையார் கூந்தல் வகைக்கு வழங்கிய பெயர்! குடும்பம் பார்த்தால் கொத்தான் கறுவாவுக்குச் சொந்தம். அம்மையார் கூந்தல் வற்றாளைக்கும் அடம்பனுக்கும் சொந்தம்.

முடக்கொத்தானை இதில் சேர்க்க வேண்டாம். ரசம் வைக்கிற அந்தக் கொடிக்கு இலை உண்டு, ஒட்டுண்ணியும் அல்ல. முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான். அதுவே பேச்சில் முடக்கொத்தான் ஆயிற்று.

அம்மையார் கூந்தலின் விதை மண்ணில்தான் முளைக்கும். சில நாளுக்குள் ஒரு செடியைப் பற்றாவிட்டால் முளை செத்துவிடும். பற்றியதும் உறிஞ்சுவேரைத் தண்டுக்குள் இறக்கும்; அப்புறம் நிலத்து வேர் காய்ந்துபோகும். ஆகாசவல்லி என்ற பெயரும், 'நுனியும் அடியும் இல்லாத கொடி' என்று பொருள்படும் சிங்களப் பெயரான 'அக முல நெத்தி வெல்'லும் இதைப் பார்த்து வைத்தவைதான்.

அது பற்றும் செடியை நம் பாடநூல்கள் விருந்துவழங்கி என்கின்றன. யார் அழைத்த விருந்தோ! ஓம்புசெடி என்றால் போதும்.

இங்கே தொல்லை தருவது பெரும்பாலும் வட அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய கஸ்கியூட்டா கம்பெஸ்ட்ரிஸ் என்ற அம்மையார் கூந்தல் இனம். நெல்லை அது பெரிதாகத் தீண்டாது. களுதாவளைப் பக்கம் மிளகாய், வெங்காயம், தக்காளி வைப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். தண்டு மஞ்சளாக, இலையில்லாமல், சிறிய வெள்ளைப் பூக்கள் நெருங்கிக் கொத்தாக இருந்தால் அதுதான். கொத்தான் கொஞ்சம் பச்சை கலந்து முரடாக இருக்கும், சதைப்பற்றான உருண்டைக் காய் காய்க்கும்.

பூக்கும் முன்பே, பற்றிய கிளையோடு வெட்டி எரித்துவிடுங்கள். அறுந்த துண்டு இன்னொரு செடியில் விழுந்தாலும் பிடித்துக்கொள்ளும்; விதையோ மண்ணில் பல ஆண்டு கிடந்து முளைக்கும்.