மனசுக்குள்ள பேசுறத கேமரா எப்படிப் பிடிக்கும்?

"புக்கு மாதிரி வரலப்பா." நாவல் படிச்சுட்டு அதே கதைய டிவில பாக்குற எல்லாரும் ஒரு தடவையாவது சொல்ற டயலாக் இது, நானும் நிறைய சொல்லிருக்கேன். ஆனா ஒரு பழைய க்ளாசிக் நாவல் மினி சீரிஸா மாறும்போது உள்ள என்ன வேலை நடக்குதுன்னு தேடிப் படிச்ச பிறகு, புக்கு மாதிரி ஏன் வரவே முடியாதுன்னு புரிஞ்சுது.

முதல்ல நேரக் கணக்கு. ஜேன் ஆஸ்டினோட 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' 1813ல வந்தது, இங்கிலீஷ்ல சுமார் 1,20,000 வார்த்தை. நிமிஷத்துக்கு 240 வார்த்தைன்னு படிச்சா எட்டு மணி நேரம் தாண்டிடும். 1995ல பிபிசி எடுத்த சீரிஸ் 6 எபிசோட், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. ஸ்க்ரிப்ட் எழுதுறவங்க ஒரு பக்கம்னா திரைல ஒரு நிமிஷம்னு தோராயமா ஒரு கணக்கு வச்சிருப்பாங்க, அந்தப் பக்கத்துலயும் பாதி வெள்ளையாதான் கிடக்கும். அதனால வெட்டித்தான் ஆகணும். ஒரே வேலை செய்ற ரெண்டு கேரக்டர ஒண்ணாக்குறது, கதைய நகர்த்தாத ஒரு விருந்த தூக்குறதுன்னு இதுக்கு வழி நிறைய இருக்கு, இது ஒண்ணும் பெரிய தலைவலி இல்ல.

தலைவலி எதுன்னா, நாவல்ல கதை சொல்ற குரல் ஒண்ணு இருக்கே, அதுக்கு உடம்பு கிடையாது. நல்ல சொத்து இருக்கற கல்யாணமாகாத ஆம்பளைக்கு ஒரு பொண்டாட்டி தேவைப்பட்டே தீரும், இது ஊரே ஒத்துக்கிட்ட உண்மைன்னு கிண்டலா ஆரம்பிக்குதே, அந்த முதல் வரிய நாவல்ல யாருமே பேசல. சீரிஸ்க்கு ஸ்க்ரிப்ட் எழுதின ஆண்ட்ரூ டேவிஸ் அந்தக் கிண்டல கதாநாயகி எலிசபெத் வாய்ல வச்சுட்டாரு. எழுத்தாளரோட நக்கல் இப்ப அவளோட நக்கலாயிடுச்சு, ரெண்டே நிமிஷத்துல இந்தப் பொண்ணு எப்பேர்ப்பட்டவன்னும் நமக்குத் தெரிஞ்சுடுது.

இதவிடக் கஷ்டமான இடம் ஒண்ணு இருக்கு. டார்சின்னு ஒரு பணக்காரன், அவன எலிசபெத்துக்குப் பிடிக்காது, தன் மேல அவ சொன்ன குத்தத்துக்குப் பதிலா அவன் எழுதின லெட்டர அவ படிக்கிற இடம். நாவல்ல ஒரு பொண்ணு நடந்துக்கிட்டே ஒரு லெட்டர திரும்பத் திரும்பப் படிக்கிறா, ரெண்டு மணி நேரம் அந்தப் பாதையிலயே சுத்துறா, வெளிய வேற எதுவுமே நடக்கல, ஆனா மொத்தக் கதையும் அங்கதான் திரும்புது. முதல்ல எல்லாம் பொய்னு நினைக்கிறா, அப்புறம் ஒவ்வொரு வரியா எடுத்து தனக்கு ஏற்கனவே தெரிஞ்சதோட ஒட்டிப் பாக்குறா, கடைசில "இவ்ளோ நாள் என்னையே எனக்குத் தெரியலையே"ங்கிற இடத்துக்கு வந்து நிக்கிறா. இத அப்படியே எடுத்தா திரைல என்ன இருக்கும்? காகிதத்தப் பாத்துக்கிட்டு நடக்கற ஒரு பொண்ணு. அதனால சீரிஸ்ல டார்சி ராத்திரி உக்காந்து எழுதுறத காட்டுறாங்க, அவன் குரல் ஓடுது, அவன் சொல்ற பழைய சம்பவமெல்லாம் காட்சியா வருது. அழகாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. எழுத்துல "அவன் இப்படிச் சொல்றான்"னு இருந்தா நாமளும் எலிசபெத்தோட சேர்ந்து சந்தேகப்படலாம். கண்ணால பாத்துட்டா அது நடந்ததுன்னே மனசு எடுத்துக்கும், கேமராவால "கேள்விப்பட்டேன்"னு சொல்ல முடியறது ரொம்பக் கஷ்டம்.

அப்ப யோசனையையே காட்ட முடியாதான்னா, முடியும், ஆனா பாதி வேலைய நாம செய்யணும். சுமார் நூறு வருஷம் முன்னாடி சோவியத் டைரக்டர் லெவ் குலெஷோவ் செஞ்சதா சொல்ற ஒரு சோதனை இருக்கு. ஒரு நடிகரோட எந்த பாவமும் இல்லாத ஒரே முகம், அதுக்கு அடுத்த ஷாட்டா ஒரு தடவை சூப் தட்டு, ஒரு தடவை சவப்பெட்டி, ஒரு தடவை ஒரு பொண்ணு. பாத்தவங்க பசி, துக்கம், ஆசைன்னு மாறி மாறி அந்த முகத்துல படிச்சாங்களாம். அந்த ஃபிலிம் இப்ப இல்ல, பின்னாடி திரும்பச் செஞ்சு பாத்தவங்களுக்கும் எப்பவும் அதே ரிசல்ட் வரல, ஆனா எடிட்டிங் டேபிள்ல உக்காந்தவங்க யாரும் இத மறக்க மாட்டாங்க. நாவல்ல ஒரு பாரா ஓடற மனக்குழப்பம் இங்க முகம், அவ எதப் பாக்குறாங்கிற ஷாட், மறுபடி முகம்னு மூணு கட்ல முடிஞ்சுடும், நல்ல நடிகை கிடைச்சா.

அடுத்தது ஒவ்வொரு எபிசோடையும் எங்க நிறுத்துறதுங்கிற கேள்வி. இங்கிலீஷ் எழுத்தாளர் டிக்கன்ஸ் மாதிரி தொடர்கதையா எழுதினவங்களோட நாவல்ல அப்படி நிறுத்துற மூட்டு ஏற்கனவே இருக்கும். 'ப்ளீக் ஹவுஸ்' 1852, 53ல மாசாமாசம் வந்த கதை, அதுல ஒரு மாசத்துப் பகுதியோட கடைசில ஒரு ஆள் தானாவே தீப்பிடிச்சு சாம்பலாயிடுவான், சத்தியமா! பிபிசி 2005ல அத 15 எபிசோடா, பெரும்பாலும் அரை அரை மணி நேரமா எடுத்தப்ப, அதுவும் டேவிஸ் எழுதினதுதான், பழைய தொடர்கதை ருசியே திரும்ப வந்துச்சு. ஆஸ்டின் தொடர்கதை எழுதினவங்க இல்ல, மூட்ட நாமதான் தேடணும். 61 அத்தியாயத்துல 34வதுல டார்சி கல்யாணம் பண்ணிக்கோன்னு வந்து நிக்கிறான், சீரிஸ்ல அது 3வது எபிசோட் முடியுற இடம், சரியா நடுவுல. ஒரு வாரம் காத்திருந்தவங்க நிலமைய நினைச்சுப் பாருங்க.

டார்சி குளத்துல குதிச்சுட்டு நனைஞ்ச சட்டையோட நடந்து வந்து எலிசபெத் முன்னாடி மாட்டிக்குவானே, அந்த சீன் பாத்துட்டு புக்கை எடுத்துப் பக்கம் பக்கமா தேடினேன். குளமே இல்ல. நாவல்ல அவன் குதிரை லாயத்துப் பக்கமிருந்து வர்றான், ரெண்டு பேர் கண்ணும் சந்திக்குது, ரெண்டு பேர் கன்னமும் சிவக்குது, அவ்ளோதான். கன்னம் சிவந்தத எழுத்துல ஒரு வரில சொல்லிடலாம், டிவில தூரத்து ஷாட்ல அது யார் கண்ணுக்குத் தெரியும், அதான் சட்டைய நனைச்சுட்டாங்க.