பிள்ளை சத்தம் போடுகிறது என்று வீட்டைக் காலி செய்யச் சொன்னால்

ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கத்தும், சுவரைக் காலால் உதைக்கும். காரைக்குடியில் பழைய நகரத்தார் வீட்டுச் சுவராக இருந்தால் சத்தம் உள்ளேயே அடங்கிவிடும். புது அடுக்குமாடிகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே நாலரை அங்குலச் சுவர்தான் என்றால் தட்டு விழுந்தாலே அந்தப் பக்கம் கேட்கும். புகார் வரும். வந்ததும் பயந்து சாமானைக் கட்ட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ள வாடகைச் சட்டப்படி, வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. குடியிருப்போர் சங்கத் தீர்மானமோ ஏட்டையாவின் அதட்டலோ அந்த உத்தரவுக்கு ஈடாகாது.

ஆனால் ஒப்பந்தம் சரியாக இருக்க வேண்டும். பலரும் விழுவது இங்கேதான். "11 மாதம்தானே, பதிவு எதற்கு" என்பார்கள். சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. இரண்டாவது கட்டாயம், இணையத்திலேயே செய்யலாம். பதிவு எண் இல்லாவிட்டால் சட்டம் உங்களுக்கு உதவுவது கடினம். இன்னொன்று, 11 மாதம் முடியும் தேதி. புகாரைச் சொல்லி வெளியேற்ற முடியாதவர், புதுப்பிக்காமல் விட்டு வெளியேற்றுவார். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாடகையை வங்கி வழியாகவே கொடுங்கள். இரண்டு மாத பாக்கி விழுந்தால் அதுவே போதுமான காரணமாகிவிடும்.

தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தினால் அதே வாரம் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். திரும்பக் கொடுக்கும்படி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். அவர் துணை ஆட்சியர் நிலை அதிகாரி. காரைக்குடி வட்டம் தேவகோட்டைக் கோட்டத்தில் வருகிறது. அதனால் தாலுகா ஆபீஸ் ஜன்னலில் நின்று ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

பக்கத்து வீட்டார் காவல் நிலையம் போனால் "இரைச்சல் விதி, 45 டெசிபல்" என்று சொல்லக்கூடும். 2000-ஆம் ஆண்டு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை அந்த அளவு இருப்பது உண்மை. ஆனால் ஒலிபெருக்கி, ஹாரன், பட்டாசு போன்றவற்றை அடக்க வந்த விதி அது. பிள்ளையின் அழுகையை அதில் சேர்க்கப் பார்ப்பது அநியாயம்.

மாடிப்படியிலோ வண்டி நிறுத்துமிடத்திலோ நாலு பேர் பார்க்கப் பிள்ளையை வேண்டுமென்றே இழிவாகப் பேசினால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 92-இன்படி குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. காவல் நிலையத்தில், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு முடிக்கப் பார்ப்பார்கள். மனுவில் பிரிவு எண்ணை எழுதி, எஃப்.ஐ.ஆர். என்று கேளுங்கள். "40 சதவீத ஊனம் என்ற சான்று எங்கே" என்று கேட்டாலும் திரும்பி வராதீர்கள். அந்த வரம்பு சலுகைகளுக்கானது, இந்தப் பாதுகாப்புக்கு அது தேவையில்லை. ஆனாலும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் வாக்குவாதம் குறையும்.

வீட்டுக்காரர் "பொதுத் தொல்லை" என்று நீதிமன்றம் போகலாம். அதற்கு இன்றே ஒரு நோட்டு போடுங்கள்: "செவ்வாய், 2.10 முதல் 2.35 வரை, வலிப்பு மருந்து மாற்றிய இரண்டாம் நாள்." சத்தம் நோயின் அறிகுறி என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கி அதோடு வையுங்கள். கட்டிலைப் பொதுச் சுவரிலிருந்து நகர்த்தி, உதைக்கும் இடத்தில் கெட்டியான ரப்பர் பாய் பொருத்தி, படம் எடுத்து, அதை வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நீங்கள் முயன்றதற்குத் தேதியோடு சாட்சி அது.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு, திருமயம், பொன்னமராவதிக்காரர்கள் புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகம், காரைக்குடி, தேவகோட்டைக்காரர்கள் சிவகங்கை. எங்கே கொடுத்தாலும் மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் ஜன்னலை விட்டு நகராதீர்கள்.