சொல் விளக்கம்: அறிதுயில்

“பிட்ஸ் (வலிப்பு) வாற பிள்ளைக்கு மனோவசியம் செய்விக்கலாமோ?” கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் மாத்திரைக்குக் காத்து நின்ற தாய் ஒருவர் மருந்து கொடுப்பவரிடம் கேட்டார். கையில் கிளினிக் கொப்பி. அதற்குள் மடித்து வைத்த துண்டுப் பிரசுரத்தில் பரீட்சைப் பயம், நித்திரையின்மை, சிகரெட் எல்லாவற்றுக்கும் ‘ஹிப்னோதெரபி’ என்று மூன்று மொழியிலும் அடித்திருந்தது. தமிழில் ‘மனோவசியம்’, சிங்களத்தில் ‘மோகனய’. மெதுவாகப் பேசி மனத்தை ஒருமுகப்படுத்தும் இந்த முறையைத்தான் நான் ‘அறிதுயில்’ என்கிறேன். மருந்து கொடுப்பவர் “டொக்டரைக் கேளுங்கோ அக்கா” என்றார். சரியான பதில்தான். ஆனால் அந்தக் கேள்விக்குள் இருந்த பயத்தில் பாதி, சொல்லில் இருந்து வந்தது.

வசியம் என்பது ‘வசம்’ என்பதோடு சேர்ந்த வடசொல். வசப்படுத்துவது, ஒருவரைத் தன் சொற்படி ஆட்டுவிப்பது. மந்திரவாதம் சொல்லும் அட்டகர்மங்களில் வசியம் ஒன்று, மோகனம் இன்னொன்று. ஆக, தமிழரும் சிங்களவரும் இந்த மேலைநாட்டு வித்தைக்குப் பெயர் தேடியபோது இருவர் கையும் ஒரே மாந்திரீகப் பையைத்தான் துழாவியிருக்கிறது. ‘மனோ’வை முன்னால் ஒட்டிவிட்டதால் அது மருத்துவச் சொல்லாகிவிடாது.

மூலச்சொல்லும் குறையில்லாதது அல்ல. ஹிப்னோஸ் கிரேக்கரின் நித்திரைத் தெய்வம். மான்செஸ்டரில் தொழில் செய்த ஸ்கொட்லாந்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜேம்ஸ் பிரெய்ட் 1843இல் வெளியிட்ட நூலால் ‘ஹிப்னோட்டிசம்’ பரவியது. சில ஆண்டுகளிலேயே அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காமல் போயிற்று. இந்த நிலையில் இருப்பவர் தூங்கவில்லை, ஒரே எண்ணத்தில் மனத்தை ஊன்றி நிற்கிறார் என்று கண்டு, ‘மொனோஐடியிசம்’ என்று மாற்றப் பார்த்தார். ஊர் கேட்கவில்லை. மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனையும் பின்னாளில் அவர் பக்கமே நின்றது: இந்த நிலையின் அலைகள் நித்திரையின் அலைகளைப் போல இருப்பதில்லை.

வலிப்புக்கும் இதற்கும் முடிச்சு விழுந்த கதை பிரெய்டுக்கும் முந்தியது. வியன்னாவில் இருந்து பாரிஸுக்குப் போன பிரான்ஸ் அன்டன் மெஸ்மர், உடலுக்குள் ஒரு காந்தப் பாய்மம் ஓடுகிறது, அதைச் சீராக்கினால் நோய் தீரும் என்றார். அவருடைய மரத்தொட்டியைச் சுற்றி இருந்த நோயாளிகள் பலர் உதறினார்கள், துடித்தார்கள், கத்தினார்கள். அந்தத் துடிப்பையே அவர் குணமாகும் அறிகுறி என்று கொண்டாடினார். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழுவில் அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளினும் இரசாயன அறிஞர் லவோசியேயும் இருந்தார்கள். கண்ணைக் கட்டிச் சோதித்துப் பார்த்து, காந்தமும் இல்லை, பாய்மமும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று எழுதிக் கொடுத்தார்கள். நூறு ஆண்டு கழித்து அதே பாரிஸில், சல்பெத்ரியேர் வைத்தியசாலையில், நரம்பியல் மேதை சார்க்கோ ‘ஹிஸ்டீரியா’ நோயாளிகளை இந்த நிலைக்குக் கொண்டுபோய் மாணவர் முன் காட்டினார். அவர்களுக்கு வந்த துடிப்பு காக்கை வலிப்பை அப்படியே ஒத்திருந்தது. பார்த்தவர்கள் மனத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ‘இதைச் செய்தால் வலிப்பு வரும்’ என்ற பயத்தின் பூர்வீகம் பெரும்பாலும் இங்கேதான் என்பது என் எண்ணம்.

வலிப்பு என்ற சொல்லுக்கு அந்தச் சிக்கல் இல்லை. வலித்தல் என்றால் இழுத்தல்; தசையை இழுப்பதால் வலிப்பு. ‘கால் கை வலிப்பு’ மருவித்தான் ‘காக்காய் வலிப்பு’ ஆயிற்று என்பார்கள், காகத்தின் மேல் பழி இல்லை. கிரேக்க ‘எபிலெப்சி’க்குப் பொருள் பிடித்துக்கொள்ளுதல், அதாவது ஏதோ ஒன்று ஆளைப் பற்றுகிறது. நம்மிடமும் அந்த நினைப்பு இருந்தது. நடராசர் காலடியில் மிதிபடும் முயலகனே அபஸ்மாரம்; வலிப்புக்கு வடமொழிப் பெயரும் அதுவே. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளுக்கு வந்த ‘முயலகன் நோய்’ சம்பந்தர் பதிகத்தால் தீர்ந்தது என்கிறது பெரியபுராணம். சிங்களத்தில் வலிப்புக்கு இன்றும் ‘அபஸ்மாரய’ வழங்குகிறது. பிடிப்பது ஒரு சொல்லில், வசப்படுத்துவது மற்றச் சொல்லில். இரண்டையும் ஒரு வாக்கியத்தில் கேட்கும் தாய்க்கு நெஞ்சு பதறாமல் என்ன செய்யும்?

சரி, செய்விக்கலாமா? அமைதியாக இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, மெதுவாகப் பேசி மனத்தை ஒருமுகப்படுத்துவது தானாகவே வலிப்பைக் கொண்டுவரும் என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் பயிற்சி பெற்ற பலர், வலிப்பு உள்ளவர் என்றால் வைத்தியரின் சம்மதம் இல்லாமல் தொடமாட்டார்கள். காரணம் அந்த நிலையைச் சுற்றி வரும் மற்றச் சாமான்கள். வேக வேகமாக மூச்செடுக்கச் சொல்வது ஒன்று: சிறுபிள்ளைகளுக்கு வரும், சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் வலிப்பை வெளிப்படுத்த, மூளையின் மின் அலைப் பரிசோதனையில் வைத்தியர்களே மூன்று நிமிடம் அப்படி மூச்செடுக்கச் சொல்வார்கள். அதையே துண்டுப் பிரசுரக்காரர் தெரியாமல் செய்வித்தால்? மேடை வித்தையில் மின்னி மின்னி எரியும் விளக்கு இன்னொன்று. வலிப்புள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு அது ஆகாது. சிலருக்கு நித்திரை தூங்கி வழியும் நேரத்திலேயே வலிப்பு வரும்.

எனக்குப் பெரிதாகத் தோன்றும் ஆபத்து வேறு. எல்லா வலிப்பும் விழுந்து துடிப்பதில்லை. ஒரு வகையில் ஆள் இருந்தபடியே வெறித்துப் பார்ப்பார், வாயை மென்றுகொண்டிருப்பார், விரலால் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருப்பார், கூப்பிட்டால் பதில் இராது. வைத்தியம் படிக்காத ஒருவர் இதைப் பார்த்து ‘ஆழ்ந்த நிலைக்குப் போய்விட்டார்’ என்று மகிழ்ந்து மேலே பேசிக்கொண்டே இருக்கலாம்.

மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம் ஒரு நிமிடமும் இருக்கக்கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென விட்டால், நிற்காமல் தொடரும் வலிப்பில் கொண்டுபோய் விடும். உயிருக்கே ஆபத்து. வலிப்பை இந்த முறை குணமாக்கும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை. ஒழுங்காக மருந்து எடுத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரையில் வலிப்பின்றி வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு விலக்கு உண்டு. மூளையில் மின்கோளாறு இல்லாமல் மன அழுத்தத்தால் வரும் துடிப்பு, சார்க்கோ கண்ட அந்த வகை, வலிப்பு மருந்துக்குக் கட்டுப்படாது. அதற்கு உளவியல் சிகிச்சையே வழி; அதில் இந்த முறையையும் வைத்தியர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். எது எந்த வகை என்று பிரித்துச் சொல்வது நரம்பியல் வைத்தியரின் வேலை. அதற்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலை இருக்கிறது.

இனிச் சொல். நான் ‘அறிதுயில்’ என்றே எழுதுகிறேன். பாற்கடலில் பாம்பணைமேல் திருமால் கொள்ளும் யோக நித்திரைக்குப் பழைய பெயர் அது. அறியும் துயில், வினைத்தொகை. கண் மூடியிருக்கும், அறிவு விழித்திருக்கும். பிரெய்ட் வருந்திய தூக்கம் இதிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ‘அறி’ முன்னால் நின்று அதைத் திருத்திவிடுகிறது, கிரேக்கச் சொல்லுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. சிகிச்சையை ‘அறிதுயில் சிகிச்சை’ எனலாம். மேடையில் ஆளைக் கோழியாகக் கொக்கரிக்க வைப்பவருக்கு வேண்டுமானால் மனோவசியத்தை விட்டுவிடுவோம், அவருக்கு அது பொருந்தும்.

அறிதுயிலில் இருக்கும்போது வலிப்பு வந்தால், ‘எழுப்பும்’ வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பக்கம் உடுப்பைத் தளர்த்தி, நேரத்தைப் பார்க்க வேண்டும். வாய்க்குள் கரண்டியும் வேண்டாம், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால், இலங்கையில் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.