சாத்பாராவில் (மகாராஷ்டிராவின் 7/12 நிலப் பதிவு) ‘தனியார் காடு’ என்று எழுதியிருக்கிறதா?

மும்பை முலுண்டில் எனக்குத் தெரிந்த மாமா ஒருவர், கடனெல்லாம் அடைத்து முடித்த ஃபிளாட்டை விற்கப் போனபோதுதான் அது சர்க்கார் கணக்கில் காடு என்று தெரிந்தது. வாங்க வந்தவருக்கு பேங்க் லோன் தரவில்லை. மாமா அதை வாங்கும்போது பில்டரும் சொல்லவில்லை, பதிவு அலுவலகமும் சொல்லவில்லை.

பின்னணி இவ்வளவுதான். 1927 வனச் சட்டத்தின் 35(3) பிரிவில் 1950களில், உங்கள் நிலத்திலுள்ள காட்டுக்குக் கட்டுப்பாடு போடப் போகிறோம் என்று நில உரிமையாளர்களுக்கு அரசு நோட்டீஸ் போட்டது. 1975-இல் வந்த மகாராஷ்டிர தனியார் காடுகள் சட்டம், நோட்டீஸ் போன நிலத்தையெல்லாம் அரசுக்கே என்றது. விக்ரோலியில் கோத்ரெஜ் நிலத்தின் மீது 1956 நோட்டீஸை வைத்து 2006-இல் அரசு அதிகாரிகள் வந்து நின்றார்கள். 2014 ஜனவரி 30 அன்று சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை: நோட்டீஸ் உரியவர் கைக்குப் போயிருக்க வேண்டும், அதை இத்தனை வருடம் கிடப்பில் போட்டுவிட்டு இப்போது தூக்கிக்கொண்டு வர முடியாது.

இதைக் காட்டி ஏஜெண்ட் ‘கவலைப்படாதீங்க, தீர்ப்பே இருக்கு’ என்பார். தீர்ப்பு வந்ததால் உங்கள் சாத்பாராவில் உள்ள பதிவு தானாக அழியாது, உங்கள் சர்வே நம்பருக்கென்று தனி உத்தரவு வேண்டும். அதற்கு அலைய விடுவார்கள். தலாட்டி (கிராம நிலக் கணக்கு அலுவலர்), வனத்துறை சொல்லட்டும் என்பார். வனத்துறை, கலெக்டரைப் பாருங்கள் என்னும். கலெக்டர் ஆபீஸில் தலாட்டியிடம் ரிப்போர்ட் கேட்டிருக்கிறோம் என்பார்கள்.

அதனால் நேரில் கெஞ்சுவதைவிட முதலில் காகிதத்தைப் பிடியுங்கள். சாத்பாராவில் ஃபேர்ஃபார் (பதிவு மாற்றக் குறிப்பு) நம்பர் இருக்கும், அதன் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அப்புறம் 10 ரூபாய் ஆர்டிஐ (தகவல் உரிமை) மனுவில் மூன்றே மூன்று கேளுங்கள்: 35(3) நோட்டீஸின் நகல், அது உரிமையாளரிடம் சேர்ந்ததற்கு அத்தாட்சி, 35(1)-இன் கீழ் இறுதி அறிவிப்பு வந்திருந்தால் அதுவும். ‘எங்களிடம் இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது, வேறு ஆபீஸில் இருந்தால் 5 நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றிவிட வேண்டும். சேர்ந்ததற்கு அத்தாட்சி இல்லை என்று எழுத்தில் வந்தால் அதைவிட நல்ல ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது. அதை வைத்துக்கொண்டு, இது தனியார் காடே இல்லை என்று 1975 சட்டத்தின் 6-ஆம் பிரிவில் கலெக்டரிடம் மனு போடுங்கள். சொசைட்டி பெயரில் சேர்ந்து போட்டால் செலவும் குறையும்.

ஒரு பொறி இருக்கிறது. அதே சட்டத்தின் 22ஏ பிரிவில் நிலத்தைத் திருப்பிக் கேட்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது 12 ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு நில உரிமையாளருக்கானது, ஃபிளாட்காரருக்கு இல்லை. அதோடு, திருப்பிக் கொடு என்று கேட்டால் அது அரசிடம் போனதை நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

பணம் கொடுத்தால் பதிவை எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் உத்தரவு நம்பரையும் தேதியையும் கேளுங்கள். அடுத்து வாங்க வருகிறவரின் பேங்க் வக்கீல் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.