சொல் விளக்கம்: ஓப்பன் லூப்

இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தால் அது திரவமாகிறது; பருமனும் ஏறக்குறைய 600-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. இதுதான் எல்.என்.ஜி. கப்பலில் வரும் இந்தத் திரவத்தைக் குழாயில் அனுப்ப, மறுபடி வாயுவாக்க வேண்டும். அந்த வேலைக்கு ரீகேசிஃபிகேஷன் என்று பெயர். மீள்வாயுவாக்கம் என்று தமிழில் எழுதலாம், தடை ஒன்றுமில்லை.

சிக்கல் அடுத்த சொல்லில் இருக்கிறது. வாயுவாக்க வெப்பம் வேண்டும். கடலுக்குள் அமைக்கும் முனையங்களில் அது எப்படிக் கிடைக்கிறது என்பதை வைத்து குளோஸ்டு லூப், ஓப்பன் லூப் என்று பிரிக்கிறார்கள். லூப் என்றால் கண்ணி, வளையம். குளோஸ்டு லூப்பில் வளையம் உண்மையிலேயே உண்டு: கொஞ்சம் எரிவாயுவை எரித்து ஒரு திரவத்தைச் சூடாக்கி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள். மூடிய சுற்று என்பது பொருத்தமான பெயர்.

ஓப்பன் லூப்பில் எதுவும் சுற்றுவதில்லை. கடல்நீரை உறிஞ்சி, எல்.என்.ஜி. ஏறும் உலோகக் குழாய்களின் மேல் வழியவிட்டு, குளிர்ந்துபோன நீரைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். உள்ளே பாசியும் மட்டியும் பற்றாமலிருக்க குளோரின் சேர்மமும் கலப்பார்கள். நீரோடு உள்ளே போகும் மீன் முட்டைகளும் அப்போதுதான் பொரித்த குஞ்சுகளும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அவ்வளவு சிறியவற்றை வலைத்தட்டியாலும் முழுதாகத் தடுக்க முடியாது.

இவ்வளவையும் 'திறந்த சுற்று' என்று பெயர்த்தால், படிப்பவருக்கு ஏதோ பாதிப்பில்லாத சுழற்சி என்றே தோன்றும். ஒருவழிக் கடல்நீர் முறை என்பதே சரியான தமிழ் என்று நினைக்கிறேன். நீர் எங்கிருந்து வருகிறது, திரும்ப ஓடுகிறதா இல்லையா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

மெக்சிகோ வளைகுடாவில் இது பெரிய சண்டையே ஆனது. அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கரைக்கு அப்பால் திட்டமிட்ட மெயின் பாஸ் முனையம், இந்த முறையில் ஒரு நாளைக்கு 10 கோடி கேலனுக்கும் மேல் கடல்நீரை இழுத்திருக்கும். மீன்வளம் போய்விடும் என்று மீனவர்களும் சூழல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். 1974-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆழ்நீர்த் துறைமுகச் சட்டம், முனையத்தை ஒட்டிய கரையோர மாநிலத்தின் ஆளுநருக்குத் தடுப்பதிகாரம் தருகிறது. 2006 மே மாதம் லூசியானா ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ அதைப் பயன்படுத்தினார். நிறுவனம் மூடிய சுற்றுக்கு மாறிய பிறகுதான் ஒப்புதல் கிடைத்தது.

மூடிய சுற்றுக்கும் விலை உண்டு. வருகிற வாயுவில் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு எரிபொருளாகவே போய்விடும்; கரியமில வாயுவும் வெளியேறும். நிறுவனங்கள் கடல்நீரை விரும்புவது இதனால்தான்.

அப்புறம் ஒன்று. கட்டுப்பாட்டுப் பொறியியலிலும் ஓப்பன் லூப் என்ற சொல் உண்டு. அது வேறு பொருள்; அங்கே திறந்த சுற்று என்பதே இருக்கட்டும். கப்பல் புகையில் கந்தகத்தைக் கழுவும் ஓப்பன் லூப் ஸ்கிரப்பரில் கடல்நீர் ஒருமுறை உள்ளே போய்க் கடலுக்கே திரும்புகிறது. அதற்கு ஒருவழிக் கடல்நீர் முறை என்ற பெயரே பொருந்தும்.